முதல் கோட் பிள்ளைகளுக்கு: வீட்டைப் புதுப்பிக்கும் வேலையில் அவர்களையும் சேர்ப்பது எப்படி

பிரஷைக் கையில் கொடுத்து ஓரமாக உட்கார வைத்தால், அது ஒப்புக்குக் கொடுத்த வேலை என்று பிள்ளைகள் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். கொடுப்பது நிஜ வேலையாக இருக்க வேண்டும். தப்பாகச் செய்தாலும் அடுத்த கட்டத்தில் அது மறைந்துவிட வேண்டும். ஆணித்துளை அடைப்பது, பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), முதல் கோட், அதாவது பெயின்டின் முதல் பூச்சு எல்லாம் இந்த வகை. கடைசி கோட் அப்படியல்ல, அதைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைக் கிட்டவே சேர்க்கக் கூடாத வேலைகளும் உண்டு. பழைய பெயின்டைச் சுரண்டுவதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் அதில் முதலிடம். பல பத்தாண்டுகளுக்கு முன் அடித்த பெயின்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், ஆறு வயதுக்குக் கீழே ஆபத்து இன்னும் அதிகம். சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்கும்வரை அந்தச் சுவரைத் தொடாதீர்கள். டைல்ஸ், கான்கிரீட் வெட்டும்போது வரும் சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கெடுதல். பெரியவர்களுக்கான முகக்கவசம் சிறு முகத்தில் ஒட்டி நிற்காது, ஓரங்களில் இடைவெளி விடும். ஆகவே ‘மாஸ்க் போட்டிருக்கிறானே’ என்று விட்டுவிட முடியாது. ஈர சிமென்ட் தோலைப் புண்ணாக்கும். பட்டவுடன் எரியாது என்பதுதான் அதில் சிக்கல். தெரிய வரும்போது தோல் வெந்திருக்கும். வெட்டும் மெஷின், மின்வயர், பெயின்ட் உரிக்கும் ரசாயனம் பற்றிச் சொல்லவே வேண்டாம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் எந்த வாளியையும் மூடாமல் வைக்காதீர்கள். சில அங்குலத் தண்ணீரே மூழ்கப் போதும்.

அளப்பதிலிருந்து தொடங்கலாம். எட்டு வயதுக்கு மேல் டேப்பைக் கொடுத்துச் சுவரின் அகலம், உயரத்தை எழுதச் சொல்லுங்கள். 10 அடிக்கு 9 அடி சுவர் என்றால் 90 சதுர அடி. 3 அடிக்கு 7 அடி கதவுக்கு 21 கழித்தால் 69. இரண்டு கோட்டுக்கு 138. வழவழப்பான, பிரைமர் அடித்த சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) ஒரு கோட்டுக்குச் சுமார் 100 முதல் 120 சதுர அடி வரும். கணக்குப்படி ஒன்றரை லிட்டர் போதும். சிறுவர்கள் அடிக்கிறார்கள் என்றால் 2 லிட்டர் வாங்குங்கள், தரைக்கும் கொஞ்சம் போகும். இங்கே வழக்கமாக நடக்கும் பிழை ஒன்று: 9 அடி 6 அங்குலத்தை 9.6 என்று எழுதிவிடுவார்கள். அது 9.5.

ஆணித்துளைகளுக்கு, கலந்தே வரும் அக்ரிலிக் புட்டி நல்லது. தூள் புட்டியில் தூசி பறக்கும், சிமென்டும் இருக்கும். துளையை நிரப்பிச் சற்று மேடாக விடச் சொல்லுங்கள், காயும்போது அது சுருங்கும். கால் அங்குலத்துக்கு மேல் ஆழமென்றால் இரண்டு தடவையாக அடைக்க வேண்டும். ஒரேயடியாக அடைத்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே நிற்கும், பிறகு வெடிக்கும். காய்ந்த மேட்டை ஈர ஸ்பாஞ்சால் தேய்த்துச் சமப்படுத்தலாம், தூசியே வராது.

இனி ரோலர். 9 அங்குல ரோலர் பெயின்டோடு சேர்ந்தால் சிறு கைக்குக் கனம். 4 அங்குலம் கொடுங்கள். ட்ரேயில் அரை அங்குல ஆழத்துக்கு மேல் ஊற்றாதீர்கள். ரோலரைத் தோய்த்த பிறகு ட்ரேயின் சரிவில் மூன்று நான்கு முறை உருட்டினால் சொட்டாது. சுவிட்ச் போர்டில் பெயின்ட் படாமல் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுவது பெரியவர் வேலை, அதற்கு முன் அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள்.

கூரை ஓரத்தையும் மூலைகளையும் பெரியவர் பிரஷால் அடித்துக்கொண்டே போக, பின்னாலேயே பிள்ளை நடுப்பகுதியை உருட்டி வரட்டும். ஓரம் முழுவதையும் முடித்துக் காயவிட்டால், சுவரைச் சுற்றி ஃபிரேம் போட்டதுபோல் பட்டை தெரியும். பிள்ளைகள் செய்யும் தப்பு பெரும்பாலும் இரண்டுதான். பெயின்ட் தீர்ந்த ரோலரை அழுத்தித் தேய்ப்பார்கள். இரு பக்கமும் கோடு விழும். பாதி காய்ந்த இடத்துக்குத் திரும்பிப் போய் உருட்டுவார்கள். பெயின்ட் உரிந்து திட்டாகும். ‘அழுத்தாதே, திரும்பிப் போகாதே’ என்று சொல்லிக்கொடுத்தால் போதும். மீதியை இரண்டாவது கோட் பார்த்துக்கொள்ளும். ஏணி வேண்டாம், கை எட்டும் உயரம்தான் அவர்கள் எல்லை.

ஏழெட்டு வயதுப் பிள்ளை அரை மணி நேரத்துக்கு மேல் கவனமாகச் செய்யாது. அதற்குள் நிறுத்திவிடுங்கள், சலிப்பு வந்த பிறகுதான் ட்ரே கவிழும். மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கு வெளிச்சுவரும் பிரஷும் வெறும் தண்ணீரும் போதும். ஒப்புக்குக் கொடுக்கும் வேலை செல்லுபடியாவது அந்த வயதில் மட்டும்தான்.

பத்து வயதுக்கு மேல் ஷெல்ஃப் மாட்டுவதில் சேர்க்கலாம். ரசமட்டம் பிடித்துப் பென்சிலால் குறிப்பது, சுவர்த் துளையில் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளக்கைச் செருகுவது, திருப்புளியால் ஸ்க்ரூவை முடுக்குவது எல்லாம் அவர்கள் செய்வார்கள். 6 மி.மீ. பிளக்குக்குத் துளையும் 6 மி.மீ.; பெரிதானால் பிளக் கூடவே சுழலும், ஸ்க்ரூ இறுகாது. டிரில்லைப் பதின்ம வயதில், பக்கத்தில் நின்று பழக்குங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும், முடியைக் கட்ட வேண்டும், கையுறை மட்டும் கூடாது. சுழலும் பிட் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

மாஸ்கிங் டேப்பைக் கடைசி கோட் லேசாக ஈரமாக இருக்கும்போதே, பின்பக்கமாகச் சாய்த்து மெதுவாக இழுக்க வேண்டும். முழுதும் காய்ந்தால் பெயின்டும் சேர்ந்து உரியும். இதற்குச் சண்டை வரும், ஆளுக்கு ஒரு பக்கம் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். எமல்ஷன் ஆடையில் பட்டால் காய்வதற்குள் தண்ணீரில் அலசினால் போய்விடும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, எரிச்சல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். மிச்சப் பெயின்டை இறுக மூடி, நிறத்தின் எண், அறை, தேதி மூன்றையும் டப்பாவில் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். மூடியில் எழுதினால் மூடி மாறும்போது குழப்பம் வரும், பக்கவாட்டில் எழுதட்டும்.