‘டார்க்’ முதல் சீசனை இரண்டாம் முறை பார்ப்பது எப்படி

காலப் பயணத்தைச் சொல்லும் ஜெர்மன் தொடரான ‘டார்க்’கின் முதல் சீசன் 2017 டிசம்பர் 1 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. பத்து எபிசோடுகள், மொத்தம் எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். முதல் முறை பார்க்கும்போது அடுத்து என்ன என்ற பதற்றத்திலேயே பாதி நழுவிவிடும். கதையை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பது இரண்டாம் முறைதான் பிடிபடும். பத்தையும் பார்த்து முடித்தவர்களுக்கு மட்டுமே இது. மற்றவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சார்ட் பேப்பர் வாங்குங்கள். ஏ4 தாள் மூன்றாவது எபிசோடிலேயே நிரம்பிவிடும். மேலிருந்து கீழாக, கதையின் நான்கு குடும்பங்களுக்கு நான்கு பத்திகள்: கான்வால்ட், நீல்சன், டாப்ளர், டீடமன். குறுக்கே, கதை நடக்கும் ஆண்டுகளுக்கு மூன்று வரிசைகள்: 1953, 1986, 2019. கடிகாரக் கடைக்காரர் டான்ஹவுஸையும் பாதிரியார் நோவாவையும் ஓரத்தில் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். அலெக்சாண்டர் மனைவி ரெகினாவின் குடும்பப் பெயரை ஏற்றவர் என்பதால் டீடமன் பத்தியில் அவருக்குப் புள்ளிக் கோடு போதும்.

ஒரே ஆள் மூன்று வரிசையிலும் வரலாம். ஹெல்கே டாப்ளர் 1953இல் சிறுவன், 1986இல் அணுமின் நிலைய ஊழியர், 2019இல் முதியோர் இல்லத்தில் இருப்பவர். நடிகர்கள் மாறினாலும் முகத்துத் தழும்பு மாறாது. அது 1953இல் போலீஸ்காரர் உல்ரிச் நீல்சன் கல்லால் தாக்கியதால் வந்தது. இதைத் தெரிந்துகொண்டு முந்தைய எபிசோடுகளுக்குப் போனால், பெரியவர் ஹெல்கே வரும் ஒவ்வொரு காட்சியும் கனக்கிறது.

பலர் தடுமாறுவது தேதியில்தான். ‘33 ஆண்டு’ என்று மட்டும் எழுதிக்கொள்வார்கள். காலத்தில் 33 ஆண்டு முன்னோ பின்னோ கொண்டுபோகும் குகைப் பாதை ஆண்டைத்தான் மாற்றுகிறது. நாளும் மாதமும் எல்லா ஆண்டுகளிலும் ஒன்றாகவே நகர்கின்றன. உல்ரிச்சின் மகன் மிக்கெல் காணாமல்போவது 2019 நவம்பர் 4 இரவு. குகையிலிருந்து வெளியே வருவது 1986 நவம்பர் 5. 2019இல் காணாமல்போன எரிக், யாசின் உடல்கள் 1953இல் அணுமின் நிலையம் கட்டும் இடத்தில் கிடைப்பதும் நவம்பரில்தான். ஆகவே ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஆண்டோடு தேதியையும் எழுதுங்கள். விளக்குகள் மினுங்கும் இடங்களையும் குறியுங்கள். ஒரே நேரத்தில் வெவ்வேறு ஆண்டுகளில் என்ன நடக்கிறது என்று பொருத்திப் பார்க்க அவை உதவும்.

அடுத்தது, என் கணிப்பில் மிக முக்கியமானது: ஒவ்வொரு காட்சியிலும் ‘யாருக்கு முன்பே தெரியும்?’ என்று கேட்பது. ஐந்தாவது எபிசோடில் ஜோனாஸ் தன் அப்பா மிகேலின் கடிதத்தைப் படித்து, மிக்கெல்தான் வளர்ந்து தன் அப்பா ஆனான் என்று அறிகிறான். அங்கே நிறுத்திவிட்டு உடனே முதல் எபிசோடுக்குத் திரும்புங்கள். கடிதத்தை நவம்பர் 4 இரவு 10:13க்கு முன் திறக்கக் கூடாது. அந்த நேரத்துக்காகக் காத்திருக்கும் பாட்டி இனெஸ், 1986இல் வந்த அந்தப் பையனைத் தத்தெடுத்து வளர்த்தவர். முதல் முறை இந்தக் காட்சியை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதேபோல 1986இல் உல்ரிச்சைப் போலீசில் மாட்டிவிட்டது, பின்னாளில் ஜோனாஸின் அம்மா ஆகும் ஹன்னா; பழி விழுந்தது ரெகினா மேல். ஹன்னா, ரெகினா இருவர் பெயருக்கும் நடுவே ஒரு கோட்டைச் சிவப்பில் போடுங்கள்.

கால இயந்திரத்துக்கு நேர்கோட்டு அம்பு போடாதீர்கள். 1953இல் ரெகினாவின் அம்மா, வயதான கிளாடியா, டான்ஹவுஸிடம் இயந்திரத்தின் வரைபடத்தைக் கொடுக்கிறார். 1986இல், ‘அந்நியன்’ என்றே அழைக்கப்படும் பாத்திரம் பழுதான இயந்திரத்தோடு அதே கடைக்கு வருகிறது. முதலில் செய்தது யார் என்று தேடினால் சார்ட் கிழியும்வரை அழித்துக்கொண்டிருப்பீர்கள். வட்டமாக வரைந்து விட்டுவிடுங்கள், கதையும் அப்படித்தான் விட்டிருக்கிறது.

ஒரே இரவில் பத்தையும் பார்க்க வேண்டாம். ஒன்று முதல் ஐந்து வரை ஒரு நாள், ஆறு முதல் எட்டு வரை ஒரு நாள், கடைசி இரண்டு தனியாக. ஆங்கில டப்பிங்கை அணைத்து ஜெர்மன் ஒலியில் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரப் படங்களைத் திறக்காதீர்கள். பெரும்பாலானவை மூன்று சீசனையும் சேர்த்து வரைந்தவை. சார்ட்டின் அடியில் 2053க்கும் உச்சியில் 1921க்கும் நான்கு விரல் அகலம் காலியாக விட்டுவையுங்கள், இரண்டாம் சீசனில் அந்த இடம் தேவைப்படும்.