யாழ்ப்பாணத்து வெயிலில் வீட்டு முயல்களைப் பேணுதல்

வளவில் வளர்க்கும் வெள்ளை முயலையும் வன்னிப் பற்றைக்காடுகளில் ஓடும் முயலையும் நாம் ஒரே பெயரால் அழைத்தாலும் அவை வேறு வேறு இனங்கள். காட்டு முயல் இந்த வெயிலுக்கே பிறந்தது. வீட்டு முயலின் முன்னோர்களோ ஸ்பெயின், போர்த்துக்கல் நிலப்பரப்புகளில் மண்ணைக் குடைந்து, குளிர்ந்த வளைகளுக்குள் பகலைக் கழித்து, அந்தியிலும் விடியலிலும் வெளியே வந்து புல் மேய்ந்தவை. கூட்டை எங்கே வைப்பது, எதை உண்ணக் கொடுப்பது என்ற கேள்விகளுக்கான விடைகளிற் பெரும்பாலானவை இந்தப் பிறப்பிலேயே அடங்கியிருக்கின்றன.

முயலின் உணவு புல். மற்றவை எல்லாம் சோற்றுக்குக் கறி போலத்தான். அதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் கிழமைக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் வளரும். நார் மிகுந்த புல்லை நாள் முழுவதும் அரைத்தால் மட்டுமே அவை அளவோடு தேயும். வயிற்றின் கதையும் இதுவே. புல்லின் நார்தான் குடலை இடைவிடாது அசையச் செய்கிறது; குருட்டுக்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உணவை நொதிக்க வைத்து, மென்மையான, பளபளப்பான ஒருவகைப் புழுக்கையை உருவாக்குகின்றன. முயல் இதனை இரவிலோ அதிகாலையிலோ தன் ஆசனவாயிலிருந்தே நேரடியாக எடுத்து விழுங்கிவிடும். இதனைக் காணும் சிலர் முயலுக்கு ஏதோ கெட்ட பழக்கம் என்று எண்ணி விரட்டுகிறார்கள். விரட்டக் கூடாது, உயிர்ச்சத்துக்களில் ஒரு பகுதியை முயல் இவ்வாறுதான் பெற்றுக்கொள்கிறது.

ஆகவே அறுகம்புல், கினிப்புல், மாட்டுக்கென வளர்க்கும் கோ-3 புல் ஆகியவற்றில் எது கிடைத்தாலும், இரவும் பகலும் கூட்டில் புல் தீராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே சிக்கல் பருவத்தில் இருக்கிறது. மாரி மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில் வளவெங்கும் புல் மண்டிக் கிடக்கும். ஆடி, ஆவணியில் அதே வளவு காய்ந்து வெறும் தரையாகிவிடும். புல் மலிந்த காலத்திலேயே, அது பூத்து முற்றுவதற்கு முன்னர் அறுத்து, நிழலில் பரப்பி, இரண்டு மூன்று நாட்கள் புரட்டிப் புரட்டிக் காயவைத்து, ஈரம் சேராத இடத்தில் கட்டி வைப்பது நல்லது. பச்சை மாறாமல் மணத்தோடு காய்ந்த புல்லை முயல்கள் விரும்பி உண்ணும். வைக்கோல் படுக்கைக்கு உதவும். உணவாக அதில் சத்துக் குறைவு. பூஞ்சணம் பிடித்த புல்லோ வைக்கோலோ எதற்கும் ஆகாது.

தோட்டக் கரையில் புல் அறுப்பவர்கள் அங்கு எப்போது மருந்து அடித்தார்கள் என்பதை உரியவரிடம் கேட்டறிந்த பின்னரே அறுக்க வேண்டும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் அடிக்கும் நஞ்சு வரம்புப் புல்லிலும் படியும். வெங்காயத் தாளும் புகையிலையும் தம்மளவிலேயே முயலுக்கு நஞ்சுதான். அலரி, எருக்கலை, ஊமத்தை, ஆமணக்கு, மரவள்ளி இலை, தக்காளிச் செடி, உருளைக்கிழங்குச் செடி ஆகியவற்றையும் விலக்க வேண்டும். வேலிக் கதியாலாக நிற்கும் கிளிரிசீடியாவை ஆடு தின்கிறதே, முயலுக்கும் கொடுக்கலாமே என்று பலர் நினைப்பதுண்டு. அசைபோடும் ஆட்டின் வயிறு வேறு, முயலின் வயிறு வேறு. எலியைக் கொல்ல அந்த மரத்தைப் பயன்படுத்தியதனாலேயே அதற்கு இலத்தீனில் அப்பெயர் வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

புல்லுக்கு மேலதிகமாக நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி கீரை கொடுக்கலாம். பொன்னாங்காணி, வல்லாரை, கொத்தமல்லி இலை என்று மாற்றி மாற்றிக் கொடுப்பது நன்று. முருங்கை இலையிலும் அகத்தியிலும் கல்சியம் மிகுதியாதலால் அவற்றை எப்போதாவது சிறிதளவே கொடுக்க வேண்டும். முயலின் உடல் தேவைக்கு மேற்பட்ட கல்சியத்தையும் உறிஞ்சிச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றும் இயல்புடையது. அதனாலேயே கூட்டின் அடியில் வெள்ளைப் படிவு காணப்படுகிறது. அதைத் தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ விட்டு ஊறவைத்துத் தேய்த்தால் எளிதிற் போகும். சிறுநீர் சுண்ணாம்புக் குழம்புபோலத் தடித்திருந்தாலோ, முயல் முக்கி முக்கிச் சிறுநீர் கழித்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிவந்த சிறுநீர் என்றவுடன் இரத்தம் என்று அஞ்சத் தேவையில்லை. உண்ட இலையின் நிறமும் அவ்வாறு இறங்கும். மறுநாளும் நிறம் மாறாவிட்டாற் காட்டிவிடுவதே பாதுகாப்பானது.

படங்களில் முயலின் கையில் எப்போதும் கரட் இருக்கும். உண்மையில் அது இனிப்புப் பண்டம். விரலளவு துண்டு, அதுவும் இடைக்கிடை, போதுமானது. பாண், பிஸ்கற், சோறு, கச்சான் ஆகியவற்றைக் கொடுக்கவே கூடாது. கடையில் வாங்கும் குளிகைத் தீவனத்தை வளர்ந்த முயலுக்கு அதன் உடல் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 25 கிராம் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். புதிய உணவு எதுவாயினும் ஒரு கிழமைக்குள் சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்; பாரமான மண்சட்டியில் வைத்தால் தட்டிக் கொட்டாது. கிணறு சவராகிவிட்ட இடங்களில் வீட்டார் குடிக்கும் தண்ணீரையே முயலுக்கும் வையுங்கள்.

இனிக் கூடு. நான் முதன்முதலில் வளர்த்த சோடியில் ஒன்றை ஒரு வைகாசி நண்பகலில், தகரக் கூரையின் கீழ் இழந்தேன். காலையில் உற்சாகமாகப் புல் தின்ற முயல் அது. முயலுக்கு வியர்ப்பதில்லை, உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் காதுகளின் வழியாகவே அது வெளியேற்றுகிறது. சூழலின் வெப்பநிலை 30 பாகை செல்சியஸைத் தாண்டும்போது அதற்கு அது பெரும் பாடாகிவிடுகிறது. ஆகவே கூரைக்குத் தகரம் வேண்டாம். பனையோலையோ கிடுகோ வேய்ந்து, மாமரம் அல்லது வேம்பின் நிழலில், மேற்கு வெயில் நேரே விழாதபடி கூட்டை அமையுங்கள். பலகை அடைத்த பக்கம் வடகிழக்கை நோக்கியிருந்தால் மாரியில் வாடையோடு வரும் சாரலைத் தடுக்கும். தெற்குப் பக்கம் வலையாக இருந்தால் சோளகக் காற்று உள்ளே வரும். புழுதி அதிகமாக வீசும் நாட்களில் அந்தப் பக்கத்தில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டால் புழுதியும் அடங்கும், காற்றும் குளிரும். கொதிக்கும் நாட்களில் போத்தலில் தண்ணீரை உறையவைத்து, துணியால் சுற்றிக் கூட்டுக்குள் வைத்தால் முயல் அதிற் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

முயல் வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, துவண்டு கிடந்தாலோ, காதுகள் சூடேறிச் சிவந்திருந்தாலோ வெப்பம் தாக்கிவிட்டது என்று பொருள். உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, காதுகளைச் சாதாரண தண்ணீரால் ஒற்றி நனைத்தவாறே மருத்துவரை நாடுங்கள். பதற்றத்தில் ஐஸ் தண்ணீருக்குள் அமிழ்த்திவிடக் கூடாது. அந்த அதிர்ச்சியே உயிரைப் போக்கும்.

இரண்டு முயல்களுக்கு 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்பது மிகக் குறைந்த அளவு. அதற்கும் மேலாக நாள்தோறும் சில மணிநேரம் ஓடித்திரிய வேலியடைத்த இடமும் வேண்டும். முயல் கூட்டமாக வாழும் உயிர் என்பதால் ஒன்றைத் தனியே வளர்ப்பது சரியன்று. ஆனால் வளர்ந்த இரு ஆண்களை ஒன்றாக விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். ஆணும் பெண்ணுமாக விட்டால் ஒவ்வொரு 31 நாளுக்கும் ஒரு ஈற்றுக் குட்டிகள் என்ற கணக்கில் வீடு நிறைந்துவிடும். நலமடிப்பதைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். குட்டி ஈன்ற தாய் நாளுக்கு ஒருமுறை, சில நிமிடங்கள் மட்டுமே பால் கொடுக்கும். தாய் கைவிட்டதாக எண்ணிக் கூட்டைக் கிண்டாமல், குட்டிகளின் வயிறு உருண்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கூட்டைத் தரையிலிருந்து 3 அடி உயர்த்தி, எறும்பு ஏறாதிருக்கக் கால்களைத் தண்ணீர் நிறைந்த ரின்களுக்குள் வைக்க வேண்டும். அடிப்பக்கக் கம்பிவலையின் கண் அரை அங்குலத்துக்கு ஒரு அங்குலமாக இருந்தால் புழுக்கை கீழே விழும். வெறும் கம்பியிலேயே நிற்கும் முயலின் பாதம் புண்ணாகிவிடுமாதலால் தளத்தின் பாதியையாவது பலகையால் மூடி, அதன்மேல் வைக்கோலை இட வேண்டும். பக்கங்களுக்குக் கோழிக்கூட்டின் மெல்லிய வலை போதாது. நாய் அதைப் பிய்த்துவிடும். கீரியும் மரநாயும் சிறிய இடைவெளி இருந்தாலும் நுழைந்துவிடும்.

மாரிகாலத்தில் ஈரமே பகை. ஈரமும் அழுக்கும் சேர்ந்த தளத்தில் கொக்சிடியா எனும் குடல் ஒட்டுண்ணி பெருகி, பால்மறந்த குட்டிகளை வயிறூதிக் கழிய வைத்துக் கொன்றுவிடும். பின்பக்கம் நனைந்து அழுக்கான முயலில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள்ளேயே புழு வைத்துவிடும்; ஆகவே அந்த மாதங்களில் தினமும் வாலடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். காதுக்குள் தவிட்டு நிறத்தில் பொருக்குக் கட்டி, முயல் தலையை உதறினால் அது காதுச் சொறி. பொருக்கைப் பிய்க்காமலும் மண்ணெண்ணெய் பூசாமலும் மருத்துவரிடம் காட்டினால், அவர் போடும் ஊசியிலேயே பெரும்பாலும் மாறிவிடும். வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலினை வாய்வழியாகக் கொடுப்பதும், நாய்க்கு உண்ணி போக்கும் ஃபிப்ரோனிலை முயலுக்கு விடுவதும் உயிருக்கே ஆபத்தானவை.

முயலைக் காதில் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கையை நெஞ்சின் கீழும் மறு கையைப் பின்பக்கத்தின் கீழும் கொடுத்து உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும்; பின்கால்களை உதறும் வேகத்தில் முதுகெலும்பே முறிந்துவிடக்கூடும். குளிப்பாட்டவும் தேவையில்லை.

இரையாகும் உயிர்கள் எல்லாவற்றையும் போல முயலும் நோயை மறைக்கும். அது மறைக்க முடியாதது புழுக்கை ஒன்றைத்தான். ஒவ்வொரு காலையிலும் கூட்டின் அடியைப் பாருங்கள்: உருண்டையாக, ஒரே அளவாக, நசித்தால் உதிரும் புல்நாராக இருந்தால் நலம். சிறுத்து, கோணி, எண்ணிக்கையிற் குறைந்தால் புல்லைக் கூட்டி மற்றவற்றை நிறுத்துங்கள். 12 மணிநேரமாகப் புழுக்கையும் இல்லை, முயல் புல்லையும் தொடவில்லை என்றால் குடல் நின்றுவிட்டது என்று கொள்ள வேண்டும். பொழுது விடியட்டும் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். பயணத்துக்கு, காற்றோட்டமான பெட்டியில் புல்லையும் கூட்டாளி முயலையும் சேர்த்து வைத்து, வெயில் படாமற் கொண்டு செல்லுங்கள். கடைசியாக எப்போது தின்றது, எப்போது புழுக்கையிட்டது என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் சென்றால் மருத்துவருக்கு அது பேருதவியாக இருக்கும்.