பெலிப்பர் மேலே, ஸ்லேக்கிங் கீழே: போகிமான் டியரைப் படிப்பது எப்படி

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். பள்ளி விடுமுறையும் அதோடு சேர்ந்துகொள்வதால் பையன்கள் கையில் போன், போனில் போகிமான் ஷோடவுன், அதாவது போகிமான் என்ற கற்பனை உயிரினங்களை அணி சேர்த்து மோதவிடும் ஆட்டத் தளம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, தாக்குதல், வேகம் எல்லாம் கூட்டினா ஸ்லேக்கிங் போகிமானோட மொத்தப் புள்ளி 670, பெலிப்பருக்கு வெறும் 440. அப்புறம் எப்படி பெலிப்பர் மேல் டியர்ல இருந்துச்சு?"

டியர் என்றால் அடுக்கு. இதற்குப் பதில் புரிந்துவிட்டால் டியர் விஷயம் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

படி 1: பெயர்களைப் பழகுங்கள்

ஷோடவுன் இலவசம். போன் பிரவுசரிலேயே ஓடும். அதில் ஆடப்படும் டியர்களை வகுப்பது ஸ்மோகன் என்ற ரசிகர் குழு. நடுநாயகம் ஓயூ, விரித்தால் ஓவர்யூஸ்டு. அதற்குக் கீழே வரிசையாக யூயூ, ஆர்யூ, என்யூ, பியூ, இசட்யூ. மேலே யூபர்ஸ். விதி சுலபம்: கீழ் அடுக்குப் போகிமானை மேல் அடுக்கில் கொண்டுபோகலாம், மேலே உள்ளதைக் கீழே இறக்க முடியாது. ஒவ்வொரு தலைமுறை விளையாட்டுக்கும் பட்டியல் தனி. ஐந்தாம் தலைமுறைப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒன்பதாம் தலைமுறையில் வாதம் பண்ணாதீர்கள்.

படி 2: 4.52 என்ற எண்ணைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஓயூவுக்கும் யூயூவுக்கும் நடுவில் உள்ள கோட்டைப் போடுவது பலம் இல்லை, பயன்பாடு. ஒருவர் 15 ஆட்டம் ஆடினால் அதில் ஒரு தடவையாவது அந்தப் போகிமான் எதிரே வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்க வேண்டும். இருந்தால் அது ஓயூ. போன் கால்குலேட்டரில் 0.9548-ஐ (1-ல் 0.0452 போக மீதி) 15 தடவை பெருக்குங்கள், கிட்டத்தட்ட 0.5 வரும். அது கண்ணில் படாமலே போவதற்கான வாய்ப்பு. அதாவது 100 அணியில் 4.52 அணி, சுமார் 22 அணிக்கு ஒன்று, அதை வைத்திருக்க வேண்டும்.

தலையை மட்டும் எண்ணுவதில்லை. தரப்புள்ளி அதிகம் உள்ளவர்களின் ஆட்டத்துக்குக் கணக்கில் எடை அதிகம். அதனால் நேற்று கணக்குத் தொடங்கிய நூறு பேர் பிகாச்சுவைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் பிகாச்சு ஓயூவுக்கு ஏறாது. எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்ததே இதுதான்.

படி 3: மேல்கோட்டைத் தனியாகப் பாருங்கள்

புதியவர்கள் குழம்புகிற இடம் இது. யூபர்ஸுக்கு ஒன்றை அனுப்புவது எண்ணிக்கை இல்லை, தீர்ப்பு. நம் கடலில் இரட்டைமடி வலைக்குத் தடை போட்டது எல்லோரும் அதை இழுக்கிறார்கள் என்பதற்காக இல்லை. சின்ன மீன்வரை அரித்துக்கொண்டு போய் மற்றவர் தொழிலைக் கெடுக்கும் என்பதற்காக. இங்கேயும் அப்படித்தான். ஒரு போகிமான் இருந்தால் மற்ற அணிகளுக்கு வழியே இல்லை என்ற நிலை வந்தால், தகுதிப்புள்ளி எடுத்த ஆட்டக்காரர்கள் வாக்களிப்பார்கள். 60 சதவீதம் பேர் சரி என்றால் தடை. ஐந்தாம் தலைமுறையில் பிளாசிக்கனுக்கு ஸ்பீட் பூஸ்ட் திறன் கிடைத்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் வேகம் ஏறிக்கொண்டே போகும். அது யூபர்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. மெகா ரேக்குவாசாவை யூபர்ஸாலேயே தாங்க முடியாமல், எதுவும் செல்லும் என்று அதற்கும் மேலே ஒரு அடுக்கைத் திறந்தார்கள்.

கீழேயும் இதே கதை நடக்கும். ஓயூவில் மவுசு குறைந்து யூயூவுக்கு இறங்குகிற போகிமான், அங்கே ஆள் இல்லாத காட்டில் ராஜாவாகிவிடலாம். அப்போது யூயூவில் மட்டும் தடை விழும். அந்த இடைநிலைக்கு யூயூபிஎல் என்று பெயர். ஓயூவில் ஆட அதற்குத் தடை இல்லை, ஆனால் அங்கே கூப்பிட ஆள் குறைவு. பாவம்.

படி 4: இப்போது பெலிப்பர்

சித்திரங்குடி, மேலச்செல்வனூர்க் கண்மாய்களுக்கு வருகிற கூழைக்கடாவைப் பார்த்தவர்களுக்கு பெலிப்பரை அறிமுகப்படுத்த வேண்டாம், அதே அலகு. ஆறாம் தலைமுறை வரை கீழ் அடுக்கில் கிடந்த பறவை அது. 2016-ல் வந்த ஏழாம் தலைமுறையில் டிரிசில் என்ற திறன் கிடைத்தது. களத்தில் இறங்கின உடனே மழை கொட்டும். ஐந்து சுற்றுக்கு, டாம்ப் ராக் என்ற கல்லைக் கொடுத்தால் எட்டுச் சுற்றுக்கு. மழையில் நீர்த் தாக்குதல் ஒன்றரை மடங்கு, நெருப்புத் தாக்குதல் பாதி. ஸ்விஃப்ட் ஸ்விம் திறன் உள்ள கிங்ட்ரா போன்றவற்றுக்கு வேகம் இரண்டு மடங்கு. மழை அணி கட்டுகிறவர்களுக்கு பெலிப்பர் தேவைப்பட்டது, எல்லோரும் எடுத்தார்கள், ஓயூவுக்கு ஏறிவிட்டது. அதன் உடம்பில் கூடிய பலம் சிறப்புத் தாக்குதலில் பத்துப் புள்ளிதான்.

ஸ்லேக்கிங் நேர் எதிர். ட்ரூவன்ட் திறனால் ஒரு சுற்று அடித்தால் மறு சுற்று சும்மா இருக்கும். அந்தச் சும்மா சுற்றில் எதிராளி நிதானமாகத் தன் ஏற்பாட்டை முடித்துக்கொள்வார். 670 புள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

படி 5: உங்கள் அணிக்கு

அடுக்கைப் பார்த்துப் பலத்தை முடிவு செய்யாதீர்கள். பலத்துக்கு அனுபவசாலிகள் போடும் வயபிலிட்டி ரேங்கிங் என்ற தனிப் பட்டியல் இருக்கிறது, எஸ், ஏ, பி என்று. ஓயூ அணியில் ஒரு யூயூ போகிமான் பொருந்தினால் தயங்காமல் வையுங்கள். முதல் ஆட்டங்களை ஓயூவிலேயே ஆடுவது நல்லது. ஆள் அதிகம், எதிராளி உடனே கிடைப்பார். சில மாதங்களுக்கு ஒருமுறை பட்டியல் மாறும், அதனால் பழைய அணியை எடுக்கும்போது அணி கட்டும் பக்கமான டீம் பில்டரில் வாலிடேட் பட்டனை ஒரு தட்டு தட்டுங்கள். எந்தப் போகிமான் இப்போது செல்லாது என்று பெயரோடு காட்டிவிடும்.