கஞ்சமலைக் காட்டில் சிட்டக்கல் பார்ப்பது எப்படி

சேலம் பக்கத்துக் கஞ்சமலையின் அடிவார உழவுக்காடுகளில், அந்தக் காலத்தில் தாதை உருக்கி இரும்பு எடுத்தபோது ஒதுங்கிய கழிவு கல்லாகக் கிடக்கும். அதுதான் சிட்டக்கல். கோடை மழை பெய்து முதல் உழவு ஓட்டிய பிறகு போங்கள். அப்போதுதான் மண் கழுவிப்போய்க் கல் மேலே தெரியும். காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு இறங்குங்கள். கையில் ஒரு காந்தம் வேண்டும். பழைய ஸ்பீக்கரில் கழற்றியது போதும்.

முதலில் மலையடி ஓடையில் காந்தத்தை மணலுக்குள் விட்டு எடுங்கள். கருமணல் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் மேக்னடைட், கஞ்சமலையின் இரும்புத்தாது.

அடுத்து, வரப்போரம் பொறுக்கிப் போட்ட கற்கள். அளவுக்கு மீறிய கனம், கறுப்பு நிறம், மேலே வெல்லப்பாகு வழிந்து உறைந்தாற்போல மடிப்பு, உடைந்த பக்கத்தில் குமிழ் ஓட்டை. இவ்வளவும் இருந்தால் சிட்டக்கல், அதாவது இரும்புக் கசடு. சித்த மருத்துவத்தில் மண்டூரம் என்பதும் இதைத்தான். எங்கள் தாத்தா கிணற்று மேட்டில் ஒரு குவியல் கிடந்தது. சின்ன வயதில் அதில் ஏறித்தான் எட்டிப் பார்ப்பேன்.

கனத்துக்குக் காரணம் உண்டு. தோல் துருத்தி ஊதிய ஊர் உலையின் சூட்டில் இரும்பு முழுதாக உருகாது. பஞ்சுபோலத் திரண்ட கட்டியை எடுத்து அடித்துச் சேர்ப்பார்கள். கசடோடு கொஞ்சம் இரும்பும் போய்விடும். காந்தம் சில கற்களை லேசாக இழுக்கும். பக்கத்தில் சுட்ட களிமண் குழாய்த் துண்டு கிடந்து, அதன் ஒரு முனை மட்டும் கண்ணாடியாக உருகியிருந்தால், உலைக்குள் நுழைந்த துருத்திக் குழாய் அதுதான்.

வெள்ளைக்காரர் உலை வேறு. ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டு, 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாது, காட்டு மரக்கரி. வார்த்த இரும்பு கப்பலேறி இங்கிலாந்தின் ஷெஃபீல்டு வரை போனது. மரக்கரி கிடைப்பது அரிதாகி, அந்த நூற்றாண்டு முடியுமுன்பே உலைகள் அணைந்துவிட்டன. அத்தகைய ஊதுலையில் இரும்பு தண்ணீராக உருகிப் பிரிந்துவிடும். அதனால் கசடு கனமில்லாமல், பச்சையோ நீலமோ கலந்த கண்ணாடி போல இருக்கும், காந்தம் ஒட்டாது. இரண்டையும் ஒன்றென்று எழுதிவைத்தால் நம் ஊர்க் கொல்லர்களின் வேலை கம்பெனிக் கணக்கில் போய்விடும். எனக்கு அது பொறுக்காது.

ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், சர்வே எண்ணைக் குறியுங்கள், கல்லை இருந்த இடத்திலேயே விடுங்கள். கசடுக்குள் கரித்துண்டு சிக்கியிருந்தால் விரல்கூட வைக்காதீர்கள். காலத்தைக் கணிக்க உதவுவது அந்தக் கரிதான். தொல்லியல் துறை ஆட்கள் வந்து எடுக்கட்டும்.