இடைச்செருகலில் எத்தனை படி போதும்?

தெரிந்த மதிப்புகளை வைத்து அவற்றுக்கு இடையிலுள்ள மதிப்பைக் கணிப்பதுதான் இடைச்செருகல். அதற்குப் பயன்படும் பல்லுறுப்புக் கோவையின் மிக உயர்ந்த அடுக்கே அதன் படி. 4 புள்ளிகள் இருந்தால் அவற்றின் வழியே போகிற, மூன்றாம் படிக்கு மேற்படாத பல்லுறுப்புக் கோவை ஒன்றே ஒன்றுதான். நியூட்டன் வாய்ப்பாட்டில் போட்டாலும், லெக்ராஞ்சி வாய்ப்பாட்டில் போட்டாலும், சமன்பாடுகளைத் தீர்த்துக் கெழுக்களைக் கண்டாலும் கிடைப்பது அதே கோவை. விடையின் துல்லியத்தைத் தீர்மானிப்பவை மூன்று: எத்தனை புள்ளிகளை எடுத்தோம், அவை எங்கே இருக்கின்றன, தரவில் எத்தனை இலக்கங்கள் நம்பத்தக்கவை. இந்த மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் படியை முடிவு செய்ய வேண்டும்.

வேறுபாட்டு அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்

கணினி இருந்தாலும் முதல் வேலை இதுதான். 30° முதல் 80° வரை பத்துப் பத்துப் பாகையில் சைன் மதிப்புகள், 5 தசம இலக்கங்களில்:

30° : 0.50000
40° : 0.64279
50° : 0.76604
60° : 0.86603
70° : 0.93969
80° : 0.98481

அடுத்தடுத்த மதிப்புகளைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். கடைசி இலக்கத்தை 1 அலகாக வைத்து எழுதினால் வேலை சுலபம்.

முதல் வேறுபாடு: 14279, 12325, 9999, 7366, 4512
இரண்டாம்: −1954, −2326, −2633, −2854
மூன்றாம்: −372, −307, −221
நான்காம்: 65, 86
ஐந்தாம்: 21

எண்கள் வரிசைக்கு வரிசை வேகமாகச் சிறுத்தால், அந்தத் தரவு பல்லுறுப்புக் கோவைக்கு இணங்குகிறது என்று பொருள். இங்கே இணங்குகிறது.

எங்கே நிறுத்துவது? ஒவ்வொரு மதிப்பும் கடைசி இலக்கத்தில் அரை அலகு வரை முழுமையாக்கப்பட்டிருக்கிறது. அந்த அரை அலகு ஒவ்வொரு கழித்தலிலும் இரட்டிக்கக்கூடும். நான்காம் வேறுபாட்டில் அதிகபட்சம் 8 அலகு, ஐந்தாவதில் 16, ஆறாவதில் 32. நமது நான்காம் வேறுபாடு 65, எனவே நம்பலாம். ஐந்தாவது 21, தட்டுத்தடுமாறித் தேறுகிறது. ஆறாவது உண்மையில் 3 அலகு அளவில்தான் இருக்க வேண்டும். 32 அலகு இரைச்சலில் அது தெரியாது. 5 இலக்க அட்டவணையை வைத்துக்கொண்டு ஆறாம் படிக்குப் போனால் முழுமையாக்கல் பிழையைத்தான் இடைச்செருகுவோம்.

தட்டச்சுத் தவறையும் இதே அட்டவணை காட்டிக்கொடுக்கும். நீளமான அட்டவணையில் 0.76604 என்பதை 0.76640 என்று மாற்றி அடித்துவிட்டால் பிழை 36 அலகு. நான்காம் வேறுபாட்டில் அது 36, −144, 216, −144, 36 என்று 1, 4, 6, 4, 1 விகிதத்தில், குறி மாறி மாறிப் பரவும். 65, 86 என்று வர வேண்டிய இடத்தில் இப்படித் துள்ளினால், நடுவில் உள்ள பெரிய எண்ணுக்கு நேரான மதிப்பைச் சரிபாருங்கள்.

43 பாகைக்குக் கணக்கு

43° நடு இடைவெளியில் விழும்படி 30, 40, 50, 60 ஆகிய நான்கையும் எடுக்கிறோம். நகர்வு (43 − 30) ÷ 10 = 1.3. நியூட்டனின் முன்நோக்கு வாய்ப்பாட்டில், மேலே கண்ட வேறுபாடுகளின் முதல் எண்களைப் போட்டால் வரும் உறுப்புகள்:

0.50000
1.3 × 0.14279 = 0.18563
(1.3 × 0.3 ÷ 2) × (−0.01954) = −0.00381
(1.3 × 0.3 × (−0.7) ÷ 6) × (−0.00372) = 0.00017

கூட்டினால் 0.68199, இடையில் இலக்கங்களை வெட்டாமல் போட்டால் 0.681986. உண்மை மதிப்பு 0.681998. பிழை 0.000012.

உண்மை மதிப்பு தெரியாதபோது பிழையை மதிப்பிடுவது எப்படி? நாம் சேர்க்காமல் விட்ட அடுத்த உறுப்பைக் கணக்கிடுங்கள்: 1.3 × 0.3 × (−0.7) × (−1.7) ÷ 24 = 0.0193, நான்காம் வேறுபாடு 0.00065-ஆல் பெருக்கினால் 0.0000126. உண்மையான பிழையும் ஏறக்குறைய அதுதான். வேறுபாடுகள் ஒழுங்காகச் சிறுக்கும் வரை இந்த மதிப்பீடு நம்பகமானது, நான்காம் வகைக்கெழுவின் உச்ச மதிப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அதே 43-க்கு 40, 50, 60, 70 எடுத்திருந்தால் விடை 0.682025. பிழை 0.000026, இரண்டு மடங்கு. படி அதே மூன்றுதான், புள்ளிகள் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன.

அட்டவணையின் தொடக்கத்தில் முன்நோக்கு வாய்ப்பாடு, முடிவில் பின்நோக்கு வாய்ப்பாடு என்ற விதியின் காரணமும் இதுதான். எல்லாப் புள்ளிகளையும் பயன்படுத்தினால் இரண்டும் ஒரே விடையையே தரும். இடையில் நிறுத்தும்போதுதான் வேறுபாடு வருகிறது: முன்நோக்கு வாய்ப்பாடு மேலேயுள்ள புள்ளிகளையும், பின்நோக்கு கீழேயுள்ளவற்றையும் வைத்துக்கொள்கிறது. விதியை மனப்பாடம் செய்வதைவிட, தேடும் இடத்துக்கு இருபுறமும் சமமாகப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது மேல். (அட்டவணை சைனுக்கு இரண்டாம் படி இடைச்செருகலை 7-ஆம் நூற்றாண்டிலேயே பிரம்மகுப்தர் தந்துவிட்டார். நேர்கோட்டு முறையின் குறையைத் தீர்க்க அவரும் எடுத்துக்கொண்டது இருபுறத்து வேறுபாடுகளைத்தான்.)

வேறுபாடுகள் சிறுக்காவிட்டால்

பாடப்புத்தகங்களுக்குப் பிடித்த மக்கள்தொகைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டின் மக்கள்தொகை, இலட்சத்தில்: 1961-இல் 336.87, 1971-இல் 411.99, 1981-இல் 484.08, 1991-இல் 558.59, 2001-இல் 624.06, 2011-இல் 721.47.

முதல் வேறுபாடு: 75.12, 72.09, 74.51, 65.47, 97.41
இரண்டாம்: −3.03, 2.42, −9.04, 31.94
மூன்றாம்: 5.45, −11.46, 40.98
நான்காம்: −16.91, 52.44
ஐந்தாம்: 69.35

இரண்டாம் வேறுபாட்டிலிருந்தே குறி மாறி மாறி எண்கள் பெருத்துக்கொண்டே போகின்றன. இந்தத் தரவுக்கு உயர்படிக் கோவை ஒத்துவராது என்று அட்டவணையே சொல்லிவிட்டது. கேட்காமல் போனால் என்ன ஆகும்? 2001 வரையிலான எண்களை மட்டும் வைத்து 2011-ஐக் கணித்தால்:

முதல் படி: 689.53
இரண்டாம் படி: 680.49
மூன்றாம் படி: 669.03
நான்காம் படி: 652.12

உண்மை 721.47. படி கூடக் கூட விடை விலகிப் போகிறது. நான்காம் படியின் பிழை நேர்கோட்டின் பிழையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல், 69 இலட்சம் பேர். இது அட்டவணைக்கு வெளியே போன புறச்செருகல் என்பதால் அடி பலமாக விழுந்தது. உள்ளே மட்டும் என்ன வாழ்கிறது? 1991-ஐ மறைத்துவிட்டு 1971, 1981, 2001, 2011 ஆகியவற்றால் மூன்றாம் படியில் மீட்டால் 549.85 வருகிறது, 8.74 இலட்சம் குறைவு. 1981, 2001 இரண்டின் சராசரியே 554.07, அதாவது 4.52 இலட்சம்தான் குறைவு.

இப்படி ஒரு புள்ளியை மறைத்து மீட்டுப் பார்ப்பது எந்தத் தரவுக்கும் ஒத்துவரும் சோதனை. வேறு வேறு படிகளில் செய்து, குறைந்த பிழை தரும் படியில் நின்றுவிடுங்கள்.

புள்ளிகளைக் கூட்டினால் சரியாகிவிடுமா?

சார்பு வழவழப்பாக இருந்து, தரவும் துல்லியமாக இருந்தால்கூட உத்தரவாதம் இல்லை. 1901-இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் கார்ல் ருங்கே காட்டிய எடுத்துக்காட்டு இன்றும் முதல் பாடம். −1 முதல் 1 வரை, மாறியின் வர்க்கத்தை 25-ஆல் பெருக்கி, 1 கூட்டி, அதன் தலைகீழியை எடுத்தால் வரும் சார்பு அது. சமதூரத்தில் 11 புள்ளிகள் எடுத்துப் பத்தாம் படிக் கோவை அமைத்தால், 0.94-இல் சார்பின் மதிப்பு 0.043, கோவையின் மதிப்பு 1.96. புள்ளிகளை 21 ஆக்கினால் ஓரத்துப் பிழை 60-ஐ நெருங்கும். நடுவில் மட்டும், சுமார் −0.73 முதல் 0.73 வரை, புள்ளிகள் கூடும்போது கோவை ஒழுங்காக நெருங்குகிறது.

காரணம் பிழை வாய்ப்பாட்டிலேயே இருக்கிறது. பிழையில் ஒரு பங்கு சார்பின் வகைக்கெழுவிலிருந்து வருகிறது, மறு பங்கு தேடும் இடத்திலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள தூரங்களின் பெருக்கல். சமதூர 11 புள்ளிகளுக்கு இந்தப் பெருக்கல் நடுவில் சுமார் 0.0001, ஓர இடைவெளியில் 0.0085. எண்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். புள்ளிகளை ஓரங்களில் நெருக்கி வைத்தால் இது சமன்படும். செபிஷேவ் புள்ளிகள் அதைத்தான் செய்கின்றன: 11 புள்ளிகளுக்கு எந்த இடத்திலும் 1/1024-ஐத் தாண்டாது. ருங்கே சார்பின் பெரும்பிழை அப்போது 0.11 ஆகக் குறைகிறது. 21 புள்ளிகளுக்கு 0.015.

அளக்க வேண்டிய இடத்தை நாமே தேர்ந்தெடுக்க முடிந்தால் செபிஷேவ் புள்ளிகளையே எடுங்கள். 5 புள்ளிகளுக்கு 18°, 54°, 90°, 126°, 162° ஆகியவற்றின் கோசைன்கள்: 0.9511, 0.5878, 0, −0.5878, −0.9511. பொதுவாக, 90-ஐப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்து 1, 3, 5, 7 என்று ஒற்றை எண்களால் பெருக்கினால் கோணங்கள் கிடைக்கும். வெப்ப உணரி ஒன்றை 20 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை அளவீடு செய்வதானால் நடு 50, பாதி நீளம் 30: அளக்க வேண்டிய வெப்பநிலைகள் 21.5, 32.4, 50, 67.6, 78.5. மிகச் சரியாக அதே வெப்பநிலையில் நிறுத்த முடியாவிட்டால் பரவாயில்லை, அருகில் நிறுத்தி, உண்மையில் காட்டிய வெப்பநிலையைக் கணக்கில் சேருங்கள்.

அளவீட்டுப் பிழையையும் சமதூரப் புள்ளிகள் பெருக்கிக் காட்டும். 11 சமதூரப் புள்ளிகளில் மோசமான நிலையில் 30 மடங்கு, 21-இல் சுமார் 11,000 மடங்கு. ஒவ்வோர் அளவிலும் 0.01 பிழை இருந்தால் ஓரத்தில் அது 110 வரை போகலாம். செபிஷேவ் புள்ளிகளில் இரு நிலைகளிலும் 3 மடங்குக்குக் கீழ்தான்.

சமதூரத் தரவு ஏற்கெனவே கையில் வந்துவிட்டது, மாற்ற வழியில்லை என்றால், எல்லாப் புள்ளிகளின் வழியேயும் கோவை போக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடுங்கள். மீச்சிறு வர்க்க முறையில், அதாவது பிழைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையை மிகச் சிறிதாக்கும் முறையில், புள்ளி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப்போல் இரு மடங்குக்கு மேற்படாத படியில் பொருத்தலாம். 21 புள்ளிகளுக்கு ஒன்பதாம் படிதான் எல்லை. அதற்கும் கீழே நிற்பது நல்லது.

கணினியில் கெடுவது

கெழுக்களை நேரடியாகத் தீர்க்கும்போது ஆண்டு எண்களை அப்படியே போடுவது மிகச் சாதாரணமான தவறு. 1961-இன் நான்காம் அடுக்கே 14 இலக்கம், ஐந்தாம் அடுக்கு 17 இலக்கம். கணினியின் இரட்டைத் துல்லிய எண்ணில் 16 இலக்கம்தான் தங்கும். ஆண்டிலிருந்து 1981-ஐக் கழித்து 10-ஆல் வகுங்கள். −2, −1, 0, 1, 2, 3 என்று ஆகிவிடும், சிக்கல் தீர்ந்தது.

எக்செல் வரைபடத்தில் போக்குக்கோட்டின் சமன்பாட்டைப் பார்த்துக் கெழுக்களை நகலெடுப்பவர்கள் இன்னொரு பள்ளத்தில் விழுவார்கள். அங்கே காட்டப்படுபவை சில இலக்கங்களுக்கு முழுமையாக்கிய கெழுக்கள். உயர்படியில் அந்த இலக்கங்கள் போதாது, வரைபடத்தில் கோடு சரியாகப் போகும், உங்கள் விடை எங்கோ இருக்கும். காட்டும் இலக்கங்களைக் கூட்டிவிட்டு எடுங்கள், அல்லது கெழுக்களை முழு இலக்கங்களோடு தரும் லைன்எஸ்ட் (LINEST) செயற்கூற்றைப் பயன்படுத்துங்கள்.

பைத்தான் நிரல்மொழியில், சைபை (SciPy) நூலகத்தின் லெக்ராஞ்சி (lagrange) செயற்கூறு நிலையற்றது. சுமார் 20 புள்ளிகளுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. அதே நூலகத்தின் பேரிசென்ட்ரிக் வடிவத்தை எடுங்கள். அது கெழுக்களைத் தேடுவதே இல்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எடையை ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொள்கிறது: மற்றப் புள்ளிகளிலிருந்து அதற்குள்ள வேறுபாடுகளின் பெருக்கலின் தலைகீழி. பிறகு ஒவ்வோர் எடையையும், தேடும் இடத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டால் (குறியோடு) வகுத்து, மதிப்புகளின் எடையிட்ட சராசரியை எடுப்பதுதான் மிச்சம். நீங்களே எழுதுவதானால், தேடும் இடம் ஒரு புள்ளியின் மேலேயே விழுந்தால் சுழியால் வகுக்க நேரும். அந்தப் புள்ளியின் மதிப்பையே நேராகத் திருப்பித் தர ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

துண்டு துண்டாகப் போடுவது

பெரும்பாலான வேலைகளுக்கு இதுவே போதும். சைனை 0.0001 துல்லியத்தில் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நேர்கோட்டு முறையில் பெரும்பிழை இடைவெளியின் வர்க்கத்தில் எட்டில் ஒரு பங்கு, ரேடியனில். எனவே அட்டவணை இடைவெளி 1.6 பாகைக்குள் இருக்க வேண்டும். நான்கு புள்ளி மூன்றாம் படியை நடு இடைவெளியில் மட்டும் பயன்படுத்தினால் பிழை இடைவெளியின் நான்காம் அடுக்கில் 3/128 பங்கு, 14.6 பாகை இடைவெளியே போதும். ஒன்பது மடங்கு சிறிய அட்டவணை. ஐந்தாம், ஏழாம் படிக்குப் போனால் லாபம் இவ்வளவு பெரிதாக இருக்காது.

துண்டுகள் சேருமிடத்தில் சாய்வு உடையக் கூடாது என்றால் முப்படி ஸ்ப்ளைன், அதாவது சாய்வும் இரண்டாம் வகைக்கெழுவும் உடையாமல் ஒட்டிய மூன்றாம் படித் துண்டுகள். இங்கே ஓர நிபந்தனையைக் கவனியுங்கள்: 'இயற்கை ஸ்ப்ளைன்' ஓரங்களில் இரண்டாம் வகைக்கெழுவைச் சுழியாக்கிவிடுகிறது. உண்மையில் அது சுழி இல்லையென்றால் ஓரத்தை ஒட்டித் துல்லியம் இடைவெளியின் நான்காம் அடுக்கிலிருந்து இரண்டாம் அடுக்குக்கு விழும். ஓரச் சாய்வு தெரிந்தால் அதைக் கொடுங்கள்; தெரியாவிட்டால், முதல் இரண்டு துண்டுகளையும் கடைசி இரண்டையும் ஒரே கோவையாக்கும் 'நாட்-எ-நாட்' நிபந்தனையை எடுங்கள். நிரம்பிக்கொண்டிருக்கும் தொட்டியின் நீர்மட்டம், தொடக்கத்திலிருந்து கூட்டிய மொத்த மழையளவு போல இறங்கவே கூடாத தரவானால் ஸ்ப்ளைனும் வேண்டாம், அது இடையில் அலைந்து கீழே இறங்கக்கூடும். ஏறுமுகத்தைக் காக்கும் பிச்சிப் (PCHIP) என்ற துண்டு மூன்றாம் படி முறையை எடுங்கள்; வழவழப்பு கொஞ்சம் குறையும், ஆனால் தரவு ஏறும் இடத்தில் வளைகோடு இறங்காது.