நீரை உறிஞ்சும் பாலிமரின் வீக்கத்தை அளப்பது எப்படி?

குழந்தைகளின் டயாப்பருக்குள் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் வெண்பொடி ஒரு பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. அது தன் நிறையைப்போலப் பல நூறு மடங்கு நீரை உறிஞ்சும் என்பது காய்ச்சி வடித்த நீருக்கு மட்டுமே பொருந்தும். 0.9 சதவீத உப்புக் கரைசலில் அதே பொடி பெரும்பாலும் 30 முதல் 60 மடங்கோடு நின்றுவிடும். ஆகவே எந்த நீரில், எவ்வளவு நேரம் ஊறியது என்று குறிப்பிடாத வீக்க அளவுக்குப் பொருளே இல்லை.

அளப்பதற்குத் தேயிலைப் பை முறை போதும். 0.2 கிராம் பொடியை, 0.001 கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்துக்கொள்ள வேண்டும், 0.01 கிராம் பிழைகூட விடையை 5 சதவீதம் மாற்றிவிடும். பொடியை நன்றாகப் பரப்பி, நீர் புகும் துணிப்பையில் இட்டு, ஒரு லிட்டர் நீரில் ஒரு மணி நேரம் மூழ்க வைக்கவும். 0.2 கிராம் பொடி 80 கிராம் கூழாகக்கூடும் என்பதால் பை தாராளமாக இருக்கட்டும். பிறகு பையைப் பிழியாமல் 10 நிமிடம் தொங்கவிட்டு நிறுக்கவும். பொடி இல்லாத மற்றொரு பையையும் இவ்வாறே நனைத்து நிறுத்து, அந்த நிறையையும் உலர்பொடியின் நிறையையும் கழித்து, மீதியை உலர்பொடியின் நிறையால் வகுத்தால் வீக்க விகிதம் கிடைக்கும்.

இனி ஒரு சமயத்தில் ஒரு நிலையை மட்டும் மாற்றவும். உப்பு கூடினால் கூழுக்கு உள்ளும் வெளியும் இருக்கும் அயனிச் செறிவின் வேறுபாடு குறைந்து, நீரை உள்ளிழுக்கும் விசையான சவ்வூடுபரவல் அழுத்தமும் குறைகிறது. கால்சியம் உப்பு இன்னும் கடுமையானது: இரட்டை மின்னேற்றமுள்ள அதன் அயனி, பாலிமர்ச் சங்கிலிகளில் எதிர்மின்னேற்றத்தோடு இருக்கும் கார்பாக்சிலேட் என்னும் அணுத்தொகுதிகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால், முதலில் வீங்கிய கூழ் பின்னர் சுருங்கவும் கூடும். எனவே கால்சியம் கரைசலில் ஊறியதை மட்டும் 10 நிமிடம், ஒரு மணி நேரம், ஒரு நாள் என மூன்று முறை நிறுப்பது நல்லது. கவனமாகப் பார்க்கத் தகுந்த மாற்றம் இதுவே. வினிகர் போன்ற அமிலத்தில் அத்தொகுதிகள் மின்னேற்றத்தை இழப்பதால் சங்கிலிகள் ஒன்றையொன்று விலக்குவதில்லை, வீக்கமும் குறைகிறது. காரம் சேர்த்தால் வீக்கம் கூடும் என எதிர்பார்க்க வேண்டாம். அதனுடன் வரும் சோடியம் அயனிகள் உப்பைப் போலவே தடுக்கும். வெப்பமும் பொடியின் நுண்மையும் பெரும்பாலும் வேகத்தையே மாற்றுகின்றன.

உலர்பொடியின் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. எஞ்சிய கூழைக் கழிவுநீர்க் குழாயில் கொட்டினால் அடைத்துக்கொள்ளும். உப்பைத் தூவிச் சுருங்கச் செய்து, வடிந்த கூழைக் குப்பையில் சேர்க்கவும்.