‘இரட்சிப்பை இழந்துபோக முடியுமா?’ – வேதபாடத்தில் இந்தக் கேள்வியை எடுத்து நடத்தும் முறை

இந்தக் கேள்வி வந்தவுடன் வசனத்தைத் திறக்காதீர்கள். கேட்கிறவர் யார் என்று முதலில் பாருங்கள். கன்வென்ஷனில் எபிரெயர் 6-ஆம் அதிகாரப் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு இரவெல்லாம் தூங்காத ஒரு பெண் கேட்பாள். ஆலயத்துக்கு வருவதையே விட்டுவிட்ட மகனை மனதில் வைத்து ஒரு தகப்பன் கேட்பார். செய்துகொண்டிருக்கும் பாவத்தை விடாமலே பரலோகம் போக வழி உண்டா என்று பார்க்கிறவர் மூன்றாமவர். நாலாவது ஆள் வாதத்துக்கென்றே வருபவர். பதில் அவர் பையிலேயே இருக்கும். நாலு பேர் வாயிலும் வருவது ஒரே வாக்கியம். ஆனால் மூன்றாமவருக்கு யோவான் 10-இன் வாக்குத்தத்தத்தையும் அந்தப் பெண்ணுக்கு எபிரெயர் 10-இன் எச்சரிப்பையும் கொடுத்தால் மருந்து மாறிப்போய்விடும். இந்தப் பாடம் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

ஆகவே ஒரு வாரம் முன்னதாகவே துண்டுச் சீட்டு கொடுத்து, பெயர் போடாமல் கேள்வியை எழுதி வாங்குங்கள். படித்தாலே பயத்தில் எழுதியது எது, சண்டைக்கு எழுதியது எது என்று தெரிந்துவிடும். பயந்த சீட்டு ஒன்றாவது இருந்தால் பாடத்தை வாக்குத்தத்தத்திலிருந்து தொடங்குங்கள், எச்சரிப்பிலிருந்து அல்ல.

ஒரே கூட்டத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். 75 நிமிடம் வீதம் இரண்டு வாரம் வேண்டும். பதினைந்து பேருக்கு மேல் இருந்தால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். யோவான் 10:22–30, ரோமர் 8:28–39, எபிரெயர் 5:11–6:12, எபிரெயர் 10:19–39, 1 யோவான் 2:18–27 ஆகிய ஐந்து பத்திகள் போதும். முழுப் பத்தியாக அச்சடித்துக் கொடுங்கள். ஒற்றை வசனமாகக் கொடுத்தால் பத்தே நிமிடத்தில் ‘உன் வசனமா, என் வசனமா’ என்று ஆகிவிடும். ஒரு பக்கம் சபையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு, மறுபக்கம் 1995-இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் இருந்தால், அவர்களுடைய ‘மீட்பு’தான் மற்றவர்களுடைய ‘இரட்சிப்பு’ என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் வாரம்: சொற்கள், பிறகு வாக்குத்தத்தம்

முதல் 15 நிமிடம் சொற்களுக்கு. ‘எப்போ இரட்சிக்கப்பட்டீங்க?’ என்று தேதி கேட்டுப் பழகியவர்களுக்கு, அந்தச் சொல் மூன்று காலத்திலும் வருகிறது என்பது புதிதாக இருக்கும். எபேசியர் 2:8-இல் முடிந்த காரியம். 1 கொரிந்தியர் 1:18-இல் ‘இரட்சிக்கப்படுகிற நமக்கோ’ என்று நடந்துகொண்டிருக்கும் காரியம். ரோமர் 5:9-இல் இனி வரப்போகும் காரியம். ‘இழக்க முடியுமா’ என்று கேட்கிறவர் இவற்றில் எதைச் சொல்கிறார் என்று தெளியாமலே பாதி விவாதங்கள் ஓடுகின்றன.

இன்னொரு பிரிவும் வேண்டும். பின்மாற்றம் (சறுக்கிப் பின்வாங்குவது) வேறு, மறுதலிப்பு (கிறிஸ்துவை விட்டே முற்றிலும் விலகிப்போவது) வேறு. பேதுரு சேவல் கூவுமுன் மூன்று தரம் மறுதலித்தான், மனங்கசந்து அழுதான், திரும்பினான். தேமா ‘இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து’ப் போய்விட்டான் (2 தீமோத்தேயு 4:10), திரும்பினானா என்று வேதம் சொல்லவில்லை, நாமும் சொல்ல வேண்டாம். தாவீது 51-ஆம் சங்கீதத்தில் திரும்பக் கேட்பது ‘இரட்சணியத்தின் சந்தோஷத்தை’. ஆனால் அதற்கு முந்தின வசனத்திலேயே ‘பரிசுத்த ஆவியை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளாமலும் இரும்’ என்றும் கெஞ்சுகிறான். இரண்டையும் வாசிக்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் காட்டினால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்த 25 நிமிடம் யோவான் 10. ‘ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை’ என்ற 28-ஆம் வசனத்துக்கு எல்லாரும் ஓடுவார்கள். 27-ஐ விட்டுவிட விடாதீர்கள்: ஆடுகள் செவிகொடுக்கின்றன, பின்செல்லுகின்றன. ‘வெளியிலிருந்து யாரும் பறிக்க முடியாது, ஆனால் ஆடு தானாகக் குதித்து ஓடலாமே’ என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். நியாயமான கேள்விதான். அதே வசனத்தில் ‘ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை’ என்றும் இருக்கிறது, அது பறிப்பவனைப் பற்றியதல்ல என்பது எதிர்ப்பக்கத்தின் பதில். இரண்டையும் பலகையில் எழுதி அப்படியே விடுங்கள். மீதி நேரத்துக்கு ரோமர் 8; அங்கே விளக்கம் அதிகம் தேவைப்படாது, சத்தமாக வாசித்தாலே போதும்.

இரண்டாம் வாரம்: எபிரெயர் 6

பத்தியை 5:11-இலிருந்து தொடங்குங்கள். பால் குடிக்கும் பிள்ளைகளாகவே இருக்கிறீர்கள் என்ற கடிந்துகொள்ளுதலுக்குள் வருகிற எச்சரிப்பு இது. கேட்கிறவர்கள் லேசான ஆட்கள் அல்ல. ஆஸ்தி கொள்ளைபோவதைச் சந்தோஷமாய்ச் சகித்தவர்கள் (10:34). துன்பம் தாங்காமல், விட்டுவந்த யூத வழிபாட்டுக்கே திரும்பிவிடலாமா என்று தடுமாறியவர்கள் என்றே பெரும்பாலான வியாக்கியானிகள் எடுத்துக்கொள்கிறார்கள். இதைச் சொல்லாமல் 6:4-க்குப் போனால், நேற்றுக் கோபத்தில் கெட்ட வார்த்தை பேசியவன்கூட ‘நான்தான் அந்த ஆள்’ என்று நினைத்துக்கொள்வான்.

6:4–6 சொல்வது இது: ஒருதரம் பிரகாசிக்கப்பட்டு, பரம ஈவை ருசிபார்த்து, பரிசுத்த ஆவியைப் பெற்ற பின் மறுதலித்துப்போனவர்கள் தேவகுமாரனை மறுபடியும் சிலுவையில் அறைகிறார்கள், அவர்களைப் புதுப்பிக்கிறது கூடாதகாரியம். பிறகு இதற்கு நாலு விளக்கங்கள். ஒவ்வொன்றையும் அதன் பலவீனத்தோடு சேர்த்தே வையுங்கள்.

இவர்கள் மெய்யான விசுவாசிகள், மெய்யாகவே விழுந்தார்கள் என்பது முதலாவது. பட்டியலை நேராக வாசித்தால் இதுதான் தோன்றும். இடிப்பது எங்கே என்றால், ‘மறுபடியும் புதுப்பிக்கிறது கூடாதகாரியம்’ என்ற முடிவில். இரட்சிப்பை இழக்கலாம் என்று இந்த வசனத்தைக் காட்டிப் பிரசங்கித்துவிட்டு, அதே கூட்டத்தில் பின்மாற்றக்காரரை முன்னால் வரச் சொல்கிறோமே, எப்படி? ‘சிலுவையில் அறைந்துகொண்டிருக்கும் வரைக்கும்’ என்று அந்த வினையை வாசித்துச் சிலர் இதைச் சரிக்கட்டுகிறார்கள். கிரேக்கத்தில் அது நிகழ்கால எச்சம் என்பதால் அதற்கு இடமுண்டு.

அருகில் வந்தார்கள், மறுபடியும் பிறக்கவில்லை என்பது இரண்டாவது. 7, 8-ஆம் வசனங்களில் மழையைக் குடித்துப் பயிரோ முள்ளோ தரும் நிலமும், ‘உங்களிடத்திலோ இரட்சிப்புக்குரிய நன்மையானவைகள் உண்டு’ என்ற கருத்தில் வரும் 9-ஆம் வசனமும் இதற்குத் துணை. ஆனால் ‘ருசிபார்த்தார்கள், விழுங்கவில்லை’ என்று சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள். 2:9-இல் கிறிஸ்து மரணத்தை ருசிபார்த்தார் என்பதும் அதே வினைச்சொல்தான். அவர் நுனிநாக்கால் தொட்டுவிட்டு விட்டவரல்ல.

இழப்பது பரலோகத்தில் கிடைக்கும் பலனை, இரட்சிப்பை அல்ல என்பது மூன்றாவது. 8-ஆம் வசனத்தில் சாபமும் சுட்டெரிப்பும் வருவதால் இது கொஞ்சம் மெலிந்தே நிற்கிறது.

நாலாவது விளக்கம் தமிழ்ப் பிரசங்கங்களில் அரிது, எடுத்துச் சொல்லத் தகுந்தது. எச்சரிப்பே காப்பாற்றும் கருவி என்கிறது அது. அப்போஸ்தலர் 27-ஐத் திறவுங்கள். கப்பலில் ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது என்று 22-இல் பவுல் உறுதி சொல்கிறார். கப்பலாட்கள் நைசாகப் படகில் இறங்கப் பார்த்ததும், ‘இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள்’ என்று 31-இல் எச்சரிக்கிறார். வாக்கும் மெய், எச்சரிப்பும் மெய். எச்சரிப்பைக் கேட்டுக் கயிற்றை அறுத்ததால்தான் வாக்கு நிறைவேறியது. ஒருவரும் விழப்போவதில்லை என்றால் எச்சரிப்புக்கு வலு உண்டா என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

மொழிபெயர்ப்பில் ஓர் இடம் பார்த்து நடக்க வேண்டும். எபிரெயர் 3:14 தமிழில் ‘முடிவுபரியந்தம் பற்றிக்கொண்டிருப்போமாகில், பங்குள்ளவர்களாயிருப்போம்’ என்று எதிர்காலமாக இருக்கிறது. கிரேக்கத்தில் ‘பங்குள்ளவர்களாகியிருக்கிறோம்’ என்ற முற்றுப்பெற்ற வினை. தமிழில் வாசித்தால் நிலைத்திருப்பது நிபந்தனையாகத் தெரியும். கிரேக்கத்தில் வாசித்தால், நிலைத்திருப்பது ஏற்கெனவே பங்குள்ளவன் என்பதற்கு அடையாளம் என்று சொல்ல வழி திறக்கும். மாறாக 10:26-இல் ‘பாவஞ்செய்கிறவர்களாயிருந்தால்’ என்று தொடர்செயலைத் தமிழ் அழகாகவே காத்திருக்கிறது. ஒருதரம் சறுக்கியவனைப் பற்றிய வசனம் அல்ல அது.

சபைகள் நிற்கும் இடம்

இதற்கு 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 1547 ஜனவரியில் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம், சாவான பாவம் ஒவ்வொன்றாலும் நீதிமானாக்கும் அருள் இழக்கப்படும், ஒப்புரவு அருட்சாதனத்தால் திரும்பப் பெறலாம் என்றது. லுத்தரன்களின் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை, ஒருதரம் நீதிமானாக்கப்பட்டவன் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்பவர்களைக் கண்டிக்கிறது. 1610-இல் டச்சு இறையியலாளர் அர்மீனியஸின் மாணவர்கள் நெதர்லாந்தில் வைத்த ஐந்து அம்சங்களில் கடைசியானது இந்தக் கேள்வியை முடிக்காமலே விட்டது. வேதத்தை இன்னும் ஆராய வேண்டும் என்றார்கள். 1618–19-இல் அதற்குப் பதிலாகக் கூடிய, டச்சு சீர்திருத்த சபையின் டார்ட் சங்கம் ‘பரிசுத்தவான்கள் முடிவுவரை நிலைநிற்பார்கள்’ என்று தீர்த்தது. மெதடிஸ்ட் இயக்கத்தின் தந்தையான வெஸ்லி அதை மறுத்தார். விழுந்தவர் திரும்ப முடியும் என்றும் சொன்னார்.

தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளைச் சேர்த்து உருவானது. ஒரே பெஞ்சில் இரண்டு கருத்து உட்கார்ந்திருப்பதற்கு அதுவே காரணம். பிரதரன் சபைகளில் நித்திய பாதுகாப்பும், பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் இழக்கலாம் என்பதும் போதிக்கப்படுகின்றன.

அடிக்கடி வரும் குழப்பம் ஒன்று உண்டு. ‘ஒருதரம் இரட்சிக்கப்பட்டால் எப்படி வாழ்ந்தாலும் பரவாயில்லை’ என்பதை டார்ட் சொல்லவில்லை. விசுவாசி பயங்கரமான பாவத்தில் விழலாம், கிருபையின் உணர்வைச் சிலகாலம் இழக்கலாம் என்று தாவீதையும் பேதுருவையும் காட்டியே அது சொல்கிறது. கை தூக்கி ஜெபம் சொன்ன தேதியை வைத்து உறுதி கொடுப்பது பிற்காலத்து வழக்கம்.

கூட்டம் முடிந்த பிறகு

விலகிப்போன ஒருவரின் பெயர் யார் வாயிலிருந்து வந்தாலும் உடனே நிறுத்துங்கள். 1 யோவான் 2:19-ஐ வைத்து ‘அவன் நம்மவனே இல்லை’ என்று தீர்ப்பெழுதுவது அங்கேதான் தொடங்கும். அந்த வசனம் கிறிஸ்துவையே மறுதலித்த போதகர்களைப் பற்றியது. சபை மாறினவனைப் பற்றியது அல்ல.

பயந்து வந்தவரைத் தனியே உட்காரவைத்து ஒரே கேள்வி கேளுங்கள்: ‘திரும்பிவர விரும்புகிறீர்களா?’ ஆம் என்றால் யோவான் 6:37: ‘என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை.’ எந்த மரபுக்காரரும் இதை மறுக்க மாட்டார். மறுபடியும் ஞானஸ்நானம், மறுபடியும் கை தூக்குதல் என்று போகாதீர்கள். மூன்றாம் மாதம் மறுபடியும் வருவார். ஒரே பாவத்தை நாளுக்குப் பல தரம் அறிக்கையிடுகிறார், வேண்டாத தூஷண எண்ணம் வந்துகொண்டே இருக்கிறது என்கிறார், எத்தனை வசனம் காட்டினாலும் ஒரு மணி நேரம்கூட ஆறுதல் நிற்கவில்லை என்றால், அது எண்ணச் சுழற்சி நோயாகவும் (OCD) இருக்கலாம். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ஜெபத்தையும் நிறுத்த வேண்டாம்.

அனுமதி தேடி வந்தவருக்கு உறுதி கொடுக்காதீர்கள். இழக்க முடியாது என்கிறவர்களும் அவருக்கு உறுதி கொடுப்பதில்லை, இழக்கலாம் என்கிறவர்களும் கொடுப்பதில்லை. எபிரெயர் 10-ஐ அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

அந்தத் தகப்பனுக்கு ‘உங்க பையன் இரட்சிக்கப்படவே இல்லை’ என்றும், ‘கவலைப்படாதீங்க, ஒருதரம் இரட்சிக்கப்பட்டவன்தானே’ என்றும் சொல்ல வேண்டாம். இரண்டும் உங்களுக்குத் தெரியாது. மகனோடு பேச்சு நின்றிருந்தால் முதலில் அதைத் தொடங்கச் சொல்லுங்கள், ஆலயப் பேச்சு இல்லாமல். ஒரு ஞாயிறு அவன் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் சபையார் திரும்பிப் பார்க்க வேண்டாம், சாட்சி சொல்ல மேடைக்கு அழைக்கவும் வேண்டாம். பாட்டுப் புத்தகம் ஒன்றை நீட்டுங்கள், போதும்.